மாலை போடாத படம்

 

போன மாதம் பெறாமகளின் கலியாணக் காட் அடிக்கக் கிளிநொச்சியில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். விபரம் எழுதிக்கொண்டு வந்த பொடியன் தகப்பன் பெயரில் வந்து நின்றான். "முன்னுக்கு அமரர் போடவா, காலஞ்சென்ற போடவா?" அவன் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான், பிழை சொல்ல ஏலாது. அவளின் தகப்பனான என் அண்ணாவைக் கடைசியாகக் கண்டது போர் முடிந்த 2009 மே மாதம், வட்டுவாகலில். அண்ணி கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்டும் வேண்டாம் தம்பி, பேரை மட்டும் போடுங்கோ" என்றா.

கலியாணத்தில் இல்லாதவர்களை நினைக்க வழி பல இருக்கு. அம்மாவின் கூறையைக் கட்டலாம். பொன்னுருக்கில் தங்கக் காசோடு அப்பம்மாவின் மோதிரத்தையும் உருக்கச் சொல்லலாம். இதுக்கெல்லாம் முதலில் சாமான் மிஞ்சியிருக்க வேணும். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, செட்டிகுளம் முகாமுக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்த சனம் நாங்கள். கூறையும் அல்பமும் அந்தப் பையில் இல்லை.

அண்ணாவின் படம் கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. யாரோ ஒருவரின் கலியாணக் கூட்டப் படம். ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார். ஸ்டூடியோக்காரர் அவரை மட்டும் பிரித்துப் பெருப்பித்துத் தந்தார். படத்தில் அவருக்கு 22 வயசு, பெறாமகளுக்கு இப்ப 24. அதை மண்டப வாசலில் வைக்கலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். மாலை போடுகிறதா என்பதில்தான் நின்றுவிட்டோம். மாலை போட்டால் செத்துப்போனார் என்று நாங்களே முடிவு கட்டினதாகிவிடும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல்போனவர்களுக்காகப் போராட்டத்தில் இருந்த தாய்மார் ஏந்திய படங்களும் மாலைக்குரிய படங்கள் அல்ல. இறந்தார் என்று எழுதாமல், காணாமல்போனார் என்று மட்டும் பதிகிற சான்றிதழ் ஒன்றைச் சட்டமே 2016இல் கொண்டுவந்தது. கலியாண வீட்டுக்கு மட்டும் ஏன் அவசரம்?

இல்லாதவர்களை நினைக்க வழி சடங்குக்குள்ளேயே இருக்கு. இரண்டு இடம். ஒன்று நாந்தி. தாலிகட்டுக்கு முன்னம் பிதிர்களை அழைத்து ஆசி கேட்கிறது அது. அதில் தாய், அப்பம்மா, பூட்டி என்று பெண்கள்தான் முதல் வருவினம். இப்ப பல இடத்தில் அரிசியும் காய்கறியும் ஐயருக்குக் கொடுப்பதோடு சுருங்கிவிட்டது. ஆனால் அது போய்ச்சேர்ந்தவர்களுக்கான இடம். அண்ணாவை அதில் சேர்க்க ஏலாது.

மற்றது கன்னிகாதானம். இன்னாரின் பூட்டப்பிள்ளை, இன்னாரின் பேரப்பிள்ளை, இன்னாரின் பிள்ளை என்று இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயரை ஐயர் சொல்லுவார். மும்முறை சொல்லுவார். உயிரோடு இருக்கிற தகப்பனுக்கும் இல்லாத தகப்பனுக்கும் அங்கே ஒரே வாசகம்தான். இருக்கிறாரா என்று மந்திரம் கேட்பதில்லை. தாரைவார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறைக்கு வந்தாலும், சொல்லப்படுவது பெற்ற தகப்பனின் பெயர்தான்.

மேளச் சத்தத்தில் இது ஒருவர் காதிலும் விழுவதில்லை என்பதுதான் குறை. முதல் நாளே பெயர்களைத் துண்டில் தெளிவாக எழுதி ஐயரிடம் கொடுங்கோ. அந்த இரண்டு நிமிசம் மேளகாரரை நிற்பாட்டி, மைக்கை ஐயருக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று. தகப்பன் படத்துக்கு முன்வரிசை கொடுத்துவிட்டு, தாயைத் தூண் மறைவில் நிற்க வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. 15 வருசத்துக்கு மேலாகத் தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவ அவ. அறுகரிசி போட முதல் ஆளாக அண்ணிதான் வரவேணும் என்று சொல்லியிருக்கிறேன். முணுமுணுக்கிறவை முணுமுணுக்கட்டும்.

எங்கள் துண்டு எழுதியாயிற்று. பூட்டனின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. முள்ளியவளையில் காது மந்தமான ஒரு பெரியம்மா இருக்கிறா. மூன்று தரம் கத்திக் கேட்டுத்தான் வாங்கினோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், கலியாணம் வரும்வரை பார்த்திருக்காமல் இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ.