கரண்ட் வைக்கும் மெஷினின் அளவை யார் சரிபார்க்கிறார்கள்?

கொடைரோட்டில் காலையில் மதுரை பஸ் ஏறுகிறவர்களில் சிலர் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரங்கள் தொடர்ந்து போய் வருவார்கள். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுப்பவர்கள். நம் பக்கத்தில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். உண்மையில் உடலுக்குள் போவது மின்சாரமல்ல. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட கதிர்.

கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்காது. அளவு குறைந்தால் கட்டி மீண்டும் வளரும்; கூடினால் நல்ல சதையும் குடலும் நரம்பும் கெடும், அதுவும் பல மாதம் கழித்துத்தான் தெரியும். 1996-இல் கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் கோபால்ட் மெஷினுக்குப் புதிய கதிர்மூலம் வைத்தபோது 0.3 நிமிடத்தை 30 வினாடி என்று கணக்கிட்டுவிட்டார்கள். சரியான அளவு 18 வினாடி. 115 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர் போயிற்று. மெஷினில் பழுதே இல்லை, பிழை கணக்கில்!

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் தராசுக்கு வியாபாரியே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. வெளியாள்தான் சோதிக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். மருத்துவமனையின் இயற்பியலாளர் கருவி வைத்து அளக்கத்தான் செய்கிறார். ஆனால் அந்தக் கருவியோ கணக்கோ தவறென்றால், அவர் எத்தனை முறை அளந்தாலும் அதே தவறுதான் வரும்.

இதற்காகத் தபாலில் ஒரு சிறு குப்பி வருகிறது. உள்ளே லித்தியம் ஃபுளோரைடு தூள். கதிர் பட்டால் அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் படிகம் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஒளியாக விடும். ஒளி எவ்வளவோ, பட்ட கதிரும் அவ்வளவு. வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். மருத்துவமனையில் குப்பியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் குறித்த ஆழத்தில் நிறுத்தி, நோயாளிக்குக் கொடுப்பதுபோல 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். கதிர் காட்டாத இன்னொரு குப்பியும் கூடவே போய் வரும்; வழியில் ஏதாவது பட்டிருந்தால் கழித்துவிடலாம். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. மீறினால் காரணம் தேடி, மறுபடி சோதனை.

சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் இதை நடத்துகின்றன. நம் நாட்டில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்கிறது. 2017-இல் சர்வதேச முகமை தூளை விட்டுவிட்டுக் கண்ணாடிக் குச்சிக்கு மாறியது. புற ஊதா ஒளி பட்டால் அது ஒளிரும். தூளைப் போல ஒரே வாசிப்பில் பதிவு அழியாது, எத்தனை முறையும் படிக்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குப்பி சோதிப்பது மெஷினின் அடிப்படை அளவை மட்டும். நோயாளி சரியான இடத்தில் படுத்திருக்கிறாரா, உடம்பில் போட்ட மை அடையாளம் குளியலில் அழிந்துவிட்டதா என்பதை அது காட்டாது. அடையாளம் மங்கினால் வீட்டிலேயே பேனாவால் இழுக்காமல், மறுநாள் டெக்னீஷியனிடம் காட்டுங்கள். 'கடைசியாக வெளியிலிருந்து அளவு சோதனை எப்போது நடந்தது?' என்று இயற்பியலாளரிடம் கேட்பதிலும் தயக்கம் வேண்டாம்.