முட்டையும் நாணயமும்
(ஆஸ்திரேலியாவின் கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு)

முட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதனுள் ஓர் உயிர் உறங்குகிறதா, அன்றி அது வெறும் கூமுட்டையா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு எவராலும் சொல்ல இயலாது. ஓட்டிலும் வேறுபாடில்லை, நிறத்திலும் எடையிலும் வேறுபாடில்லை. வாங்குபவர் விற்பவரின் சொல்லை நம்பியே பணம் கொடுக்கிறார். இந்த நம்பிக்கையையே முதலாகக் கொண்டு ஆஸ்திரேலிய நாட்டில் ஒரு சிறு தொழில் நடந்து வருகிறது. தம் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்போர், அடை வைப்பதற்கு ஏற்ற கருவுற்ற முட்டைகளைப் பிறருக்கு விற்பதே அத்தொழில். அது நடைபெறும் விதத்தையும், அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதையும் காண்போம்.

கொல்லைப்புறத்துக் கோழிகள்

ஆஸ்திரேலியாவிற்குக் கோழி வந்த வரலாறு மிகப் பழமையானதன்று. 1788-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முதற் குடியேற்றக் கப்பல்கள் சிட்னி அருகே நங்கூரமிட்டபோது, கைதிகளோடும் காவலர்களோடும் கோழிகளும் வந்து இறங்கின. அதன் பிறகு வீட்டின் பின்புறத்தில் ஒரு கோழிக்கூடு இருப்பது அந்நாட்டுக் குடும்ப வாழ்க்கையின் ஓர் அங்கமாயிற்று. அம்மக்கள் கோழியைச் செல்லமாகச் 'சூக்' என்று அழைக்கின்றனர். சமையலறையில் மிஞ்சும் கீரைத்தண்டும் காய்கறித் தோலும் கோழிக்கு உணவாகின்றன; அதன் எச்சம் தோட்டத்திற்கு உரமாகின்றது.

அந்நாட்டார் தாமே உருவாக்கிய கோழியினமும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கறுப்பு ஆர்பிங்டன் கோழிகளில், மிகுதியாக முட்டையிடுபவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதன் பயனாகத் தோன்றியதே 'ஆஸ்திரலார்ப்' இனம். 1922-23-ஆம் ஆண்டில் நடைபெற்ற முட்டையிடும் போட்டி ஒன்றில் இவ்வினத்தைச் சேர்ந்த 6 பெட்டைகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன. அதாவது ஒரு கோழிக்குச் சராசரி 309 முட்டைகளுக்கு மேல்! இத்தகைய புகழ் வாய்ந்த இனங்களின் முட்டைகளையே ஆர்வலர்கள் தேடி வாங்குகின்றனர்.

சேவலுக்கு இடமில்லை

வீட்டிலேயே பெட்டைகள் முட்டையிடும்போது, முட்டையை விலைக்கு வாங்குவானேன் என்று நீங்கள் வினவலாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும் என்பது உண்மைதான். ஆனால் அம்முட்டை உண்பதற்கு உதவுமேயன்றிக் குஞ்சு பொரிக்க உதவாது. ஆஸ்திரேலிய நகரங்களிலோ, சேவலின் விடியற்காலைக் கூவல் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதால், பல உள்ளாட்சி மன்றங்கள் குடியிருப்புப் பகுதிகளில் சேவல் வளர்க்கத் தடை விதித்துள்ளன. பெட்டைகளுக்கும் விதிகள் உண்டு. எடுத்துக்காட்டாக, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குடியிருப்பு வீட்டிலிருந்து குறைந்தது 4.5 மீட்டர் தள்ளியே கோழிகளை வைத்திருக்க வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. நோய் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக, அந்நாட்டு அரசு வெளிநாட்டுக் கோழிகளை உயிருடன் கொண்டுவர அனுமதிப்பதில்லை. கருவுற்ற முட்டைகளைக் கொண்டுவருவதற்கும் அனுமதிச் சீட்டு, தனிமைக் காவல் முதலிய கடுமையான நிபந்தனைகள் உள்ளன. ஆகவே நாட்டிற்குள் ஏற்கெனவே இருக்கும் இனங்களைத்தான் பேணிப் பெருக்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு வெளியே இடவசதியோடு சேவல் வைத்திருப்பவர் முட்டையை விற்கிறார். நகரில் பெட்டை மட்டும் வைத்திருப்பவர் அதை வாங்கித் தம் அடைக்கோழியின் கீழ் வைக்கிறார். 'சில்க்கி' என்னும் பட்டுப்போன்ற இறகுடைய சிறு கோழி அடைகாப்பதில் பெயர் பெற்றது. பிற இனத்து முட்டைகளையும் தன்னுடையவை போலவே காத்துப் பொரிக்கும்.

கருவுற்ற முட்டை என்பது எது?

பொதுவாக 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. சேவலோடு ஒருமுறை சேர்ந்த பெட்டை, அதன் உயிரணுக்களைத் தன் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் சேவலைப் பிரித்த பின்னரும் இரண்டு வாரங்கள், சில வேளைகளில் மூன்று வாரங்கள் வரை, கருவுற்ற முட்டைகளை இடும். இந்த உண்மையை அறியாத வளர்ப்போர், ஓர் இனச் சேவலை நீக்கி வேறோர் இனச் சேவலை விட்டவுடனே, 'தூய இன முட்டை' என்று விற்றுவிடுவதுண்டு. பழைய சேவலின் குஞ்சுகள் கலந்து பொரிக்கும்போதுதான் வாங்கியவருக்கு ஏமாற்றம் புலப்படும். நாணயமுள்ளவர்கள் குறைந்தது மூன்று வாரங்கள் பொறுத்திருந்து அதன் பின்னரே விற்பனையைத் தொடங்குகின்றனர்.

முட்டைகள் கருவுற்றிருக்கின்றனவா என்று சோதித்தறிய ஓர் எளிய வழி உண்டு. தம் வீட்டுச் சமையலுக்கு உடைக்கும் முட்டைகளின் மஞ்சள் கருவை உற்று நோக்க வேண்டும். கருவுறாத முட்டையில் ஒழுங்கற்ற ஒரு சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும். கருவுற்ற முட்டையிலோ அப்புள்ளியைச் சுற்றி வட்டமான வளையம் காணப்படும். பத்து முட்டைகளை உடைத்து ஒன்பதில் வளையம் இருந்தால், மற்ற முட்டைகளையும் ஓரளவு நம்பி விற்கலாம்.

சேகரிப்பும் பாதுகாப்பும்

முட்டை வெளியே வரும் முன்பே, தாயின் உடற்சூட்டில் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. இட்ட பிறகு குளிர்ச்சி அடையவே அவ்வளர்ச்சி நின்று, கரு உறக்க நிலையில் கிடக்கிறது. கோடைக் காலத்தில் 35, 40 டிகிரி வெப்பம் அடிக்கும் அந்நாட்டில், முட்டையைக் கூட்டிலேயே விட்டுவிட்டால் கரு அரைகுறையாக வளர்ந்து மடிந்துவிடும். எனவே நாள் ஒன்றுக்கு இரண்டு மூன்று முறை முட்டைகளைச் சேகரிப்பது இன்றியமையாதது.

சேகரித்த முட்டைகளைக் கழுவலாகாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலமே கிருமிகளைத் தடுக்கும் இயற்கைக் கவசமாகும். கழுவினால் அது போய்விடும். கீறல் விழுந்தவை, உருக்கெட்டவை, மிகச் சிறியவை ஆகியவற்றை அடுப்பங்கரைக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றவற்றைக் கூர்முனை கீழிருக்குமாறு அடுக்கி, இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி, ஏறத்தாழ 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள இடத்தில் வைக்க வேண்டும். ஒரு வாரத்திற்குள் அடை வைத்தால் பலன் மிகுதி. அதன் பின் நாளுக்கு நாள் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். விற்பவர் எழுதும் அந்தத் தேதி உண்மையானதா என்பதை வேறு யார் அறிவார்? அவருடைய மனச்சான்று ஒன்றே அறியும்!

தபாலில் ஒரு பயணம்

பரந்து கிடக்கும் அந்நாட்டில், வாங்குபவர் நேரில் வர இயலாதபோது முட்டைகள் தபாலில் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு முட்டையையும் மெத்தென்ற பொருளால் தனித்தனியே சுற்றிப் பெட்டிக்குள் அசையாமல் வைப்பார்கள். ஆயினும் வழியிலே ஏற்படும் குலுக்கலில், முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை இடம் பெயர்ந்துவிடக்கூடும். அதனால் பெட்டி வந்து சேர்ந்ததும் முட்டைகளை ஒரு நாள் அசையாமல் நிறுத்தி வைத்து, பின்னரே அடை வைக்க வேண்டும். தபாலில் வந்தவற்றில் பாதி பொரித்தாலே நல்ல பலன் என்று கொள்ள வேண்டும். இதனை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவதே விற்பவரின் கடமை. மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பும்போது, அங்குள்ள நோய்த்தடுப்பு விதிகளையும் கேட்டறிய வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவும் டாஸ்மேனியாவும் இதில் மிகவும் கண்டிப்பானவை.

இருபத்தொரு நாட்கள்

அடைக்கோழியின் கீழாயினும், குஞ்சு பொரிக்கும் கருவியிலாயினும், காலம் 21 நாட்களே. காற்றைச் சுழலவிடும் கருவியில் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருத்தல் வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, நாள்தோறும் குறைந்தது மூன்று முறை முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிலந்தியின் கால்கள் போன்று சிவந்த நரம்புகள் படர்ந்திருப்பதைக் காணலாம். ஒன்றும் தெரியாதவற்றை அகற்றிவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பின் முட்டைகளைத் திருப்பக்கூடாது. ஈரப்பதத்தைக் கூட்டிவிட்டுக் கருவியைத் திறவாமல் காத்திருக்க வேண்டும். ஆகஸ்டு முதல் நவம்பர் வரையே அங்கு இதற்கு ஏற்ற பருவம். நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் அங்கே வசந்தம். பகற்பொழுது நீள நீளப் பெட்டைகளும் நன்றாக முட்டையிடும்.

நோயும் காவலும்

கோழி வளர்ப்போர் எந்நேரமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஐரோப்பியர் வேட்டைக்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட நரிகள், இன்று நகரங்களுக்குள்ளும் இரவில் உலவுகின்றன. வலைக்கம்பியை மண்ணுக்குள்ளும் இறக்கிப் புதைத்து, பொழுது சாயுமுன் கூட்டை அடைத்தாக வேண்டும். கோழிக்கு வியர்ப்பதில்லை, ஆதலால் வெயில் நாட்களில் நிழலும் குளிர்ந்த நீரும் இல்லாவிடில் வாய் திறந்து இளைத்து மாண்டுவிடும்.

2024-ஆம் ஆண்டில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் எச்7 வகைப் பறவைக் காய்ச்சல் கோழிப் பண்ணைகளைத் தாக்கியது. இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. நோய் கண்ட வட்டாரங்களில் பறவைகளையும் முட்டைகளையும் வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மைக்கோபிளாஸ்மா போன்ற சில கிருமிகள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்வன. தும்மலும் மூக்கடைப்பும் கண்ட கோழிகளின் முட்டைகளை விற்பவர், நோயையும் சேர்த்தே விற்கிறார் என்பதை மறக்கலாகாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து மண்ணிலும் உண்டு. சிட்னி நகரில் மாக்குவாரி பல்கலைக்கழகத்தார் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டுக் கோழிகளின் முட்டைகளில் ஈயத்தின் அளவு கடை முட்டைகளில் உள்ளதைப் போல் சராசரியாக 40 மடங்கு இருந்தது. பழைய வீடுகளின் வண்ணப்பூச்சிலிருந்தும், முற்காலத்துப் பெட்ரோல் புகையிலிருந்தும் மண்ணில் படிந்த ஈயமே அது. ஆகவே கூடு அமைக்குமுன் மண்ணைச் சோதிப்பது அறிவுடைமையாகும்.

சேவல் குஞ்சுகளின் கதி

இத்தொழிலில் நம் நெஞ்சைத் தொடும் கேள்வி ஒன்று உண்டு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்களாகவே இருக்கும். நகரத்திலோ சேவலுக்கு இடமில்லை. குஞ்சாக இருந்தபோது கொஞ்சி மகிழ்ந்த குழந்தைகளின் வீட்டில், அது கூவத் தொடங்கியதும் என் செய்வது? சிலர் இரக்கமின்றி அவற்றைக் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். அவை நரிக்கு இரையாகின்றன, அல்லது பட்டினியால் வாடுகின்றன. வளர்த்த பிராணியைக் கைவிடுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

இதனால்தான் பொறுப்புள்ள விற்பனையாளர், "சேவல் குஞ்சுகளை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்கிறார். கிராமத்தில் ஏற்றுக்கொள்வார் உண்டா, தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதா, உணவுக்கு வளர்ப்பதா என்று முன்னதாகவே முடிவு செய்யச் சொல்கிறார். எதற்கும் வழியில்லாதவருக்கு, "முட்டை வேண்டாம், வளர்ந்த விடைக்கோழிகளை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறி, வந்த வியாபாரத்தையே விட்டுக்கொடுக்கிறார். இதுவன்றோ உண்மையான வாணிகம்!

முடிவுரை

தோழியரே! ஒரு டஜன் முட்டை விற்பது உலகை அசைக்கும் செயலன்று. ஆயினும் எழுதிய தேதி, சொன்ன இனம், மறைக்காத நோய், கேட்கத் துணிந்த கேள்வி ஆகிய ஒவ்வொன்றிலும் விற்பவரின் உள்ளம் சோதிக்கப்படுகிறது. அவர் சொன்னது மெய்யா பொய்யா என்பதை 21 நாட்களுக்குப் பின் அம்முட்டைகளே அறிவித்துவிடும். நாளை நீங்கள் எத்தொழில் செய்தாலும், பிறர் பார்த்தறிய முடியாத இடத்திலும் உண்மையாய் இருங்கள். அளவில் சிறியதாயினும் உயிரைக் கையாளும் பணியைத் தொடங்குமுன், அதன் முடிவு வரை பொறுப்பேற்க நம்மால் இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணித் துணிந்தபின், இறுதி வரை பேணுங்கள்.