கல்லூரியில் சேர்ந்தால் போதாது, வீட்டுக்குள்ளும் சேர வேண்டும்! அமெரிக்காவின் ‘ரஷ்’ பற்றி இதெல்லாம் தெரியுமா?

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்தே மாதம்தான் ஆகியிருந்தது. போர் நடந்துகொண்டிருக்கிறது. அந்த அமளியிலும் 1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஒரு ரகசியச் சங்கம் தொடங்கினார்கள் என்றால் நம்புவீர்களா? பெயர் ஃபை பீட்டா கப்பா. கிரேக்க எழுத்துகளில் பெயர், உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிந்த கைகுலுக்கல், ஒரு பதக்கம், ஓர் உறுதிமொழி! இன்று அது நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் சாதுவான அமைப்பு. ஆனால் அது போட்ட பாதையில்தான் அமெரிக்கக் கல்லூரிகளின் ‘ஃபிரட்டர்னிட்டி’ எனும் மாணவர் சகோதரச் சங்கங்கள் எல்லாம் நடக்கின்றன. பெண்களுக்கானது ‘சொராரிட்டி’.

இன்றுவரை இடைவிடாமல் இயங்கும் மிகப் பழைய ஃபிரட்டர்னிட்டி, நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-இல் பிறந்த கப்பா ஆல்ஃபா. அடுத்து மயாமி பல்கலைக்கழகத்தில் 1839, 1848, 1855 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய சங்கங்கள் முளைத்தன. மயாமி என்றதும் கடற்கரையை நினைத்துவிடாதீர்கள். இந்த மயாமி இருப்பது ஃபுளோரிடாவில் அல்ல, ஒஹையோவில்! அங்கே 1848-இல் பிறந்த ஃபை டெல்டா தீட்டாவின் உறுப்பினர்தான் பின்னாளில் நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்.

சரி, இந்தச் சங்கங்களில் சேருவது எப்படி? விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பருவத் தொடக்கத்தில் சில நாட்கள் ‘ரஷ்’ நடக்கும். புது மாணவர் ஒவ்வொரு சங்க வீடாக ஏறி இறங்க வேண்டும். பையன்களுக்கு இது கொஞ்சம் தளர்வானது: வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், கூடைப்பந்து ஆடுவார்கள், கரியடுப்பில் இறைச்சி சுட்டுத் தருவார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். எல்லாம் விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் விருந்தாளி கிளம்பிய பிறகு கதவு சாத்தப்படும், உள்ளே அவரைப் பற்றிப் பேச்சு நடக்கும், ஓட்டெடுப்பு நடக்கும்! முற்காலத்தில் பல சங்கங்களில் பெட்டிக்குள் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்களாம். ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலும் ஆள் அவுட். தேறியவர் கைக்கு வருவதுதான் ‘பிட்’ எனும் அழைப்பு அட்டை (பரீட்சை ஹாலில் அடிக்கும் பிட் இல்லை!). பையன்களுக்கு இரண்டு மூன்று வீடுகளிலிருந்து அழைப்பு வந்தாலும் வரலாம், ஒன்றைத்தான் ஏற்க முடியும்.

பெண்கள் பக்கம் போனால் கணக்கே வேறு. அது பெண் பார்க்கும் படலத்தின் உச்சம்! சங்கங்கள் தங்களுக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தும். மாணவிகளும் தங்களுக்குப் பிடித்த சங்கங்களை வரிசைப்படுத்துவார்கள். இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்த்து முடிவு வரும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இந்தப் பொருத்தம் பார்க்கும் முறையை 1991-இல் சூசன் மாங்கெல் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்து எழுதிய ஆல்வின் ராத், 2012-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்! மருத்துவப் பட்டதாரிகளை மருத்துவமனைகளோடும் சிறுநீரகக் கொடையாளர்களை நோயாளிகளோடும் பொருத்தும் முறைகளைச் செம்மைப்படுத்திய அதே ராத். அவர்கள் கண்டது இன்னும் வேடிக்கை. விதிகளை மட்டும் பார்த்தால் அந்த முறை தடுமாறியிருக்க வேண்டும். ஆனால் ஏராளமான மாணவிகள் ஒரே ஒரு சங்கத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்து, கிடைத்தால் அது, இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்று துணிந்ததால் வண்டி ஓடியது!

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விருப்பப் பட்டியலில் எழுதிக் கையெழுத்திட்ட சொராரிட்டி அழைத்த பின் ‘வேண்டாம்’ என்றால், அடுத்த ஆண்டு முறையான ரஷ் வரும்வரை அதே கல்லூரியில் அந்தச் சொராரிட்டி அங்கம் வகிக்கும் கூட்டமைப்பின் வேறு எந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. மனமில்லாத பெயரை எழுதாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டு வந்தால் 2,000-க்கும் அதிகமான மாணவிகள் ரஷ்ஷில் இறங்குகிறார்கள். என்ன உடை, என்ன செருப்பு, என்ன கம்மல் என்று அவர்கள் போட்ட டிக்டாக் காணொளிகள் 2021-இல் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தன. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் இன்னொரு கதை தெரியுமா? 1963-இல் கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாதென்று மாநில ஆளுநரே வாசலை மறித்து நின்ற பல்கலைக்கழகம் அது. அதன் பிறகும் பாரம்பரிய வெள்ளையர் சொராரிட்டிகளின் கதவு ஏறக்குறைய சாத்தியே கிடந்தது. 2013-இல் மாணவர் பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்த பிறகுதான் வழி பிறந்தது. ஐம்பது ஆண்டுகள்! டிக்டாக்கில் இது வராது.

கதவு திறக்காதபோது தாங்களே வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் இதன் உறுப்பினர். பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது 1952-இல் சேர்ந்தார். 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா எனும் சொராரிட்டி. அதில் 1986-இல் சேர்ந்த ஒரு மாணவியின் தாய் சென்னையில் பிறந்தவர், தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். ஆமாம், கமலா ஹாரிஸ்தான்! இந்தியா உள்ளிட்ட தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 1994-இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1998-இல் டெக்ஸஸ் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை என்று சொந்தச் சங்கங்கள் கண்டார்கள்.

எந்த வீடும் அழைக்கவில்லையென்றால் வாழ்க்கை முடிந்ததா? ஹார்வர்டில் போர்செலியன் என்றொரு சங்கம். தியோடர் ரூஸ்வெல்ட் அதில் உறுப்பினர். அவருடைய தூரத்து உறவினரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை அதே சங்கம் வேண்டாமென்று தள்ளிவிட்டது. மனிதர் மனசு உடைந்துபோனார். பிற்பாடு நான்கு முறை ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்.

அழைப்பு அட்டையில் பொதுவாக அச்சாகாத சங்கதி பணம். பருவச் சந்தா, புது உறுப்பினர் கட்டணம், சங்க வீட்டில் குடியிருந்தால் அதற்குத் தனி. கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆயிரக்கணக்கான டாலரில் போய் நிற்பதும் உண்டு. முதல் நாளே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

இதுவரை சிரித்துக்கொண்டே வந்தோம். இனி முடியாது. அழைப்பை ஏற்றபின் முழு உறுப்பினராகும்வரை சில வாரங்கள் ‘பிளெட்ஜ்’ காலம். அப்போதுதான் ‘ஹேஸிங்’ நடக்கும் அபாயம்: தூங்கவிடாமல் அலைக்கழிப்பது, அடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அளவில்லாமல் மது குடிக்கவைப்பது. 1873-லேயே கார்னெலில் ஒரு மாணவர் சங்கத்தில் சேரப்போய்ப் பள்ளத்தில் விழுந்து இறந்தார். 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயது மாணவர் ஒருவர் போதையில் மாடிப்படியில் விழுந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட ‘சகோதரர்கள்’ மணிக்கணக்கில் தாமதித்தார்கள். உயிர் போயிற்று. நம்மூரில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது நினைவிருக்கும். ராகிங் தேடிவந்து பிடிப்பது; ஹேஸிங்கிலோ பையன் தானே விரும்பிப் போய் நிற்கிறான். ‘அவன் சம்மதித்துத்தானே செய்தான்’ என்று தப்பிக்க இது வசதியான வழி. அதனால்தான் பல அமெரிக்க மாநிலங்களின் சட்டம், சம்மதம் இருந்தாலும் குற்றம் குற்றமே என்கிறது. 1856-இல் தொடங்கிய சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இல் பிளெட்ஜ் காலத்தையே ஒழித்தது. என்னைக் கேட்டால், மற்றவர்களும் அன்றே அதைப் பின்பற்றியிருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் அமெரிக்கா முழுவதற்குமான ஹேஸிங் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. விதிமீறிய சங்கம் எது, என்ன செய்தது, என்ன நடவடிக்கை என்பதைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கிறது அது. உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கப் போகிறதா? எந்த அழைப்பு அட்டையிலும் கையெழுத்துப் போடும் முன் அந்த அறிக்கையைத் தேடி எடுத்து, சங்கத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.