சிப்பைப் பழிக்குமுன்...

"சார், சிப்பு செத்துப் போச்சு!"

எங்கள் தோட்டப் பள்ளியில் மாலை நேரத்தில் மின்னணுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் சொல் இது. சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! செம்பனைக் குலை வெட்டும் தகப்பனார் தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தில் வாங்கிய பலகை அது. வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்வது என்ற பயம் அந்தக் கண்களில் தெரியும்.

பெற்றோர்களே, அந்தச் சிப்பு அவ்வளவு எளிதில் சாவதில்லை. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் பொருள் என்னவென்று முதலில் பார்ப்போம்.

விரலளவு கணினி

துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளும் மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு கணினி இருந்துகொண்டு, எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறது. அதற்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். பிள்ளைகள் அதைப் பழகுவதற்கென்றே வந்த பலகைகளில் புகழ் பெற்றது ஆர்டுவினோ. 2005ஆம் ஆண்டு இத்தாலியில் இவ்ரியா என்னும் ஊரில், ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இதைத் தொடங்கினார்கள். பழைய தட்டச்சுப் பொறிகளில் 'ஒலிவெட்டி' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனம் பிறந்த ஊரும் அதுதான். பொறியியல் படிக்காதவர்களும் பழக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பலகையின் வரைபடத்தையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால்தான் அதே அமைப்பில் பலரும் செய்து மலிவாக விற்கிறார்கள்.

ஊனோ என்ற பலகையில் பூரான்போல 28 கால்களுடன் உட்கார்ந்திருப்பதுதான் சிப்பு. அதற்கு 32 கிலோபைட் நினைவு. வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்பு. நாம் கணினியில் எழுதும் கட்டளைகள் ஒரு கம்பி வழியாக அதற்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் திரையில் சிவப்பு எழுத்தில் "நாட் இன் சிங்க்" என்று பத்து முறை வரும். பிள்ளை பயந்துவிடுவது இங்கேதான்.

அதன் பொருள் என்ன? கணினி கூப்பிட்டது, பதில் வரவில்லை. அவ்வளவுதான். உறவினர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறோம், யாரும் எடுக்கவில்லை. உடனே அந்த வீட்டில் சாவு என்று முடிவு கட்டுவோமா? கம்பி அறுந்திருக்கலாம், எண் தவறாக இருக்கலாம், அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். இங்கும் அப்படியே.

கம்பி சரியா?

முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி கம்பிக்குள் நான்கு இழைகள் இருக்க வேண்டும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. கைபேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்த சில மலிவுக் கம்பிகளில் செய்தி இழைகளே கிடையா. பலகையில் விளக்கு எரியும். எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் ஒரு சொல்லும் உள்ளே போகாது. பலகையைச் செருகும்போது கணினியின் 'போர்ட்' பட்டியலில் புதுப்பெயர் ஒன்று தோன்ற வேண்டும். கழற்றினால் அது மறைய வேண்டும். அப்படி நடந்தால் கம்பி நல்ல கம்பி.

கம்பியை மாற்றியும் பெயர் தோன்றவில்லையா? பலகையில் இன்னொரு சிறு சிப்பு இருக்கிறது. கணினிக்கும் பெரிய சிப்புக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது அதன் வேலை. மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் 'சிஎச் 340' என்ற சிப்பு இருக்கும். சில கணினிகளுக்கு அதன் மொழி தெரியாது. அதற்குரிய 'டிரைவர்' என்னும் மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும்.

எண் சரியா?

பட்டியலில் எந்தப் பலகை, எந்தப் போர்ட் என்று நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். ஊனோவை வைத்துக்கொண்டு வேறு பலகையின் பெயரைக் குறித்தால் பதில் வராது. நானோ என்ற சிறிய பலகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, பழைய முறையில் வினாடிக்கு 57,600 பிட் வேகத்தில் கேட்பவை. கணினியோ புதிய முறையில் 1,15,200 வேகத்தில் பேசும். பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்கும் ஒத்துப்போகும்.

வேறொருவரோடு பேச்சா?

பலகையில் 0, 1 என்று எண்ணிட்ட இரு துளைகளைப் பாருங்கள். கணினியோடு சிப்பு பேசுவதும் அதே வழியில்தான். அங்கே வேறு கருவி எதையாவது மாட்டியிருந்தால் பேச்சு தடைப்படும். அதைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீரவில்லையா? 'ரீசெட்' துளையை 'கிரவுண்ட்' துளையோடு ஒரு சிறு கம்பியால் சேருங்கள். 0, 1 இரண்டையும் இன்னொரு கம்பியால் சேருங்கள். 'சீரியல் மானிட்டர்' என்ற சாளரத்தைத் திறந்து ஏதாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கம்பியும் மொழிபெயர்ப்பாளரும் போர்ட்டும் பழுதில்லை. அதன் பிறகுதான் பெரிய சிப்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

சிப்பைப் பலகையிலிருந்து பிரித்துத் தனியே வைத்துப் பழகும் பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுச் சிப்பு, 16இல் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். வினாடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டிய விளக்கு 16 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டும். அதைப் பார்த்து, சிப்பு கெட்டது என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது.

உண்மையிலேயே கெடுவதும் உண்டு. கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிக் கொடுத்தாலோ, இரண்டும் ஒன்றையொன்று தொட்டாலோ சிப்பு கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். உடனே கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டுச் சுவர் மின்சாரத்தில் மட்டும் பிள்ளைகள் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் பொது விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். சிப்பைக் கடைசியில் பாருங்கள்.

நான் செய்த தவறு

சென்ற ஆண்டு ஒரு மாணவன் தன் பலகையைக் கொண்டுவந்தான். இரண்டு முறை முயன்றேன். அதே சிவப்பு எழுத்து. அன்று எனக்கு வேறு வேலையும் இருந்தது. "கருகிப் போச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பலகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மறு வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பள்ளி விடுமுறையில் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பலகை கையில் அகப்பட்டது. வேறு கம்பியில் மாட்டிப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே விளக்கு சிமிட்டியது. பழுது அவன் கொண்டுவந்த கைபேசிக் கம்பியில்தான்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன்தான் கெடுத்துட்டான்னு நெனச்சி, அன்னிக்கு அடிச்சிட்டேன் சார்" என்றார்.

ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன தீர்ப்பு, ஒரு பிள்ளையின் முதுகில் விழுந்திருக்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மாணவனிடம் கேட்பதா என்று சிலர் நினைக்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இப்போது அவன் மறுபடியும் வருகிறான். யாராவது "சிப்பு செத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்தால், நான் வாய் திறப்பதற்குள் அவன் குரல்தான் முதலில் கேட்கும்:

"ஒயர மாத்திப் பாத்தியா?"