லயத்துக்கு வந்த வாக்குச்சீட்டு

1956 பிப்ரவரி 20. லண்டனில் விடுதலைப் பேச்சை முடித்துப் பத்து பெரண்டாமில் வந்திறங்கிய துங்கு அப்துல் ரஹ்மான், 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா விடுதலை பெறும் என்று மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தார். தங்கா பத்துத் தோட்டங்களுக்கு அது எட்டாத தூரமில்லை. முழக்கம் காதில் விழுந்த பால்மரத் தொழிலாளிக்கோ வேறொரு கவலை: வெள்ளைக்காரன் போனபின் இந்த நாட்டில் நாம் யார்?

கவலையில் நியாயம் இருந்தது. 1955 ஜூலைத் தேர்தலில் வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் ஐந்து பேர்கூட இல்லை. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாக்குரிமை இல்லாமலே வளர்ந்தார்கள்.

அந்த ஆண்டுதான் வீ.தி. சம்பந்தன் மலாயா இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவரானார். சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்ட முதலாளி வீரசாமியின் மகன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆங்கிலம் படித்த நகரத்தார் கையில் இருந்த கட்சியை அவர் தமிழ் பேசும் தோட்டத்து மக்களிடம் கொண்டுபோனார். தலைமையில் இருந்த 18 ஆண்டுகளில் அவர் செய்த முதல் பெரிய காரியம் இதுதான் என்று தோன்றுகிறது.

விடுதலை நாள்முதல் இந்த மண்ணில் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே குடிமகன் என்றது புதிய அரசியல் சட்டம். அதற்கு முன் பிறந்து, குடியுரிமை பெறாதிருந்தவர்கள் மனுப் போட வேண்டும். படிவம், பிறப்புச் சான்று, எத்தனை ஆண்டு குடியிருந்தோம் என்பதற்கு அத்தாட்சி. கைநாட்டு வைக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் மலை. குடியுரிமை எடுங்கள் என்று ம.இ.கா. ஓயாமல் சொன்னது. 1959 தேர்தலில் இந்திய வாக்காளர் நூற்றுக்கு ஏழு பேரைத் தாண்டினார்கள். எடுக்காமல் விட்டவர்களும் ஏராளம். 1960-களின் இறுதியில் வேலை பெர்மிட் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறிய துயரத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதையும் மறைக்காமல் எழுதினால்தான் சம்பந்தனின் காலம் முழுதாகத் தெரியும்.

வாக்கு வந்தது, கூரை ஆடியது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அடுப்பு அணையும். வேலையோடு வீடு போகும், கோயிலும் பள்ளியும் போகும்.

தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க, 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாளுக்கு இரண்டு மூன்று வெள்ளி சம்பாதிக்கிறவரிடம் மாதம் 10 வெள்ளி கேட்டார். அதிகம்தான். மங்கில் சொட்டுச் சொட்டாக விழும் பாலை வாளியில் சேர்த்துப் பழகிய கைகள், அப்படியே பங்குப் பணத்தையும் சேர்த்தன. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு, தலையில் விளக்கு, நிரையில் அதே மரங்கள், அதே உளி. வெட்டுகிறவர் பெயர் மட்டும் இப்போது பங்குப் பேரேட்டில் இருந்தது.