மொட்டைமாடி வெயிலை மலிவாக மடக்கலாம்... தெரியுமா?

செட்டிநாட்டு வீடு என்றதும் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரையும் ஆத்தங்குடிக் கல்லையும் வாய் பிளந்து பார்க்கிறோம். அண்ணாந்து பார்த்ததுண்டா? சித்திரை வெயிலில் அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்கிறதே, அதில் பெரும்பங்கு கூரைக்குத்தான்!

அந்தக் காலக் கொத்தனார்கள் நாட்டோட்டை ஒரு வரிசையோடு விட்டுவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வளைந்த ஓடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் காற்றுதான் அங்கே வெப்பத்தடுப்பு! மாடித் தளம் என்றால் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் நிறுத்தி வைத்த செங்கல், அதற்குமேல் சுண்ணாம்பில் குழைத்துத் தட்டிய செங்கல் ஜல்லி, கடைசியாகத் தட்டோடு. உச்சி வெயில் இத்தனையையும் ஊடுருவி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்!

தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் வெறும் காற்று, தெரியுமா? காசு கொடுத்து நாம் வாங்குவது அசையாமல் அடைபட்ட காற்றைத்தான்! கிளாஸ் வுல், தேங்காய் நார், மரத்தூள் எல்லாமே இதே வித்தைதான்.

மரத்தூளா என்று இளக்காரம் வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் சென்னைக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து! குளத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலேற்றினார். நாலு மாதக் கடல் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும், அப்படியும் ஐஸ் மிஞ்சியது! அதைச் சேமிக்க 1842இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். (வீட்டுக் கூரைக்கு மட்டும் மரத்தூள் வேண்டாம், கரையானுக்கு விருந்து.)

காற்றை அடைப்பது ஒரு வழி என்றால், வெப்பத்தைத் திருப்பியடிப்பது இன்னொரு வழி. செயற்கைக்கோளுக்குத் தங்க நிறத்தில் பளபளவென்று போர்த்துகிறார்களே, அது அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களின் அடுக்கு. ஹார்டுவேர் கடையில் சுருளாக விற்கும் பபுள் ஃபாயிலுக்கு அது தூரத்துச் சொந்தம்! தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீடுகளுக்கு இதுவே கைக்கு அடக்கமான வழி. ஒரே நிபந்தனை: ஷீட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே ஓரங்குலமாவது இடைவெளி வேண்டும். ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம். சூட்டை அப்படியே கடத்திவிடும்!

கான்கிரீட் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனல் கக்குவது ஏன்? பகலெல்லாம் தளம் குடித்த வெயில் அப்போதுதான் கீழே இறங்குகிறது. அறைக்குள் தெர்மாகோல் சீலிங் அடித்தாலும் மேலே தளம் கொதிப்பது கொதிப்பதுதான். தீப்பிடிக்கக்கூடிய பொருள் வேறு. பழைய ஒயரிங் பக்கத்தில் கூடவே கூடாது. என்னைக் கேட்டால், கையிலிருக்கும் பணத்தை முதலில் தளத்துக்கு மேலேதான் செலவழிக்க வேண்டும். அதிலும் ஆகக் குறைந்த செலவு வெள்ளையடிப்பது! பாசியைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு கோட். நம்பிக்கை வரவில்லையா? வெள்ளைக் கூரைக்கென்றே தெலங்கானா அரசு 2023இல் தனிக் கொள்கை வெளியிட்டது!

இன்னும் கொஞ்சம் கையிலிருந்தால் கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ, தளத்தைத் தொடாமல் உயர்த்திக் கட்டலாம். அதற்கும் மேலே போனால் கூல் ரூஃப் டைல்ஸ். புதிதாகக் கட்டுபவர்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் ஃபில்லர் ஸ்லாபை இன்ஜினீயரிடம் கேட்டுப் பாருங்கள்: தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைப் பதிப்பது. சிமென்ட்டும் மிச்சம், சூடும் மட்டு!

சுண்ணாம்பை எப்போது அடிப்பது? மாசியில். ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்தால், வெயில் வருவதற்குள் பாதி கரைந்து முற்றத்துக்குப் போய்விடும்.