முதல் சுற்றில் பெயர் தெரியாத அணி: 'ஈஸி மேட்ச்' என்று சொல்லலாமா?

கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிக்கு டிரா வெளியானதும் மாணவர்கள் முதலில் தேடுவது தங்கள் கல்லூரியின் பெயரை. அடுத்து, எதிரில் யார் என்று பார்க்கிறார்கள். அது கேள்விப்படாத கல்லூரியாக இருந்துவிட்டால் 'ஈஸி மேட்ச்' என்று முடிவு கட்டிவிட்டு, இரண்டாவது சுற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு பல தடவை சரியாகவே வரும். தப்பும்போதுதான் ஒரு வருட உழைப்பும் ஒரே மாலையில் போய்விடுகிறது.

பெரிய அணியும் சின்ன அணியும் ஏன் மோதுகின்றன?

திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, 1955இல் வந்த தஞ்சை மன்னர் சரபோஜி கல்லூரி, 1956இல் வந்த பூண்டி புஷ்பம் கல்லூரி என்று பழைய பெயர்கள் ஒரு பக்கம். சாலையோரம் சமீபத்தில் எழுந்த சுயநிதிக் கல்லூரிகள் மறுபக்கம். பழைய கல்லூரிக்குப் பெரிய மைதானமும் உடற்கல்வித் துறையும் இருக்கும். புதிய கல்லூரியில் பதினோரு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. டிரா இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இந்த ஆட்டங்களில் கண்ணில் பட்டவர்களுக்குத்தான் பல்கலைக்கழக அணியில் இடம். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே நான்கு அணிகள் மிஞ்சும்வரை நாக்-அவுட், பிறகு லீக். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறும். நாக்-அவுட்டில் சறுக்கினால் மறுவாய்ப்பு கிடையாது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதே மோதலைப் பணம் ஏற்பாடு செய்கிறது. அங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும்போது பெரிய பல்கலைக்கழகம் சின்னப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கே வரவழைக்கும். பெரியவருக்கு நிரம்பிய அரங்கமும் ஒரு வெற்றியும்; சின்னவருக்கு வருடம் முழுக்க விளையாட்டுத் துறையை நடத்த ஒரு தொகை.

பெரிய ஸ்கோர் சொல்லாத சேதி

2022 நவம்பர் 21, பெங்களூரு. விஜய் ஹசாரே கோப்பைக் கிரிக்கெட்டில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 50 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 506 ரன் குவித்தது. ஜெகதீசன் 277, சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 416. எதிரணி 71 ரன்னில் சுருண்டது. 435 ரன் வித்தியாசத்தில் வென்ற அந்த அணி, அதே மாதக் கடைசியில் கால் இறுதியில் சௌராஷ்டிராவிடம் தோற்று வெளியேறியது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டிலும், பெரிய ஸ்கோர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதைப் பார்த்தோம். மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரான வடுவூரின் அபினேஷ் இடம்பெற்ற இந்தியக் கபடி அணி, வங்கதேசத்தை 83-19 என்று வீழ்த்தியது. ஈரானுடனான இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் 35-32. தங்கம் வந்தது, ஆனால் மூன்று புள்ளி வித்தியாசத்தில்தான் வந்தது. 64 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த நாளில், நெருக்கடியில் அந்த அணி எப்படி ஆடும் என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

தெரியாத அணி, திறமையில்லாத அணியா?

2007 செப்டம்பர் 1. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நாட்டின் ஐந்தாவது இடத்தில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகம், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற அணியை முதல் ஆட்டத்துக்கு வரவழைத்தது. கொடுத்த பணம் சுமார் 4 லட்சம் டாலர். ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்ட அரங்கில் மிச்சிகன் 32-34 என்று தோற்றது. கடைசி நொடிகளில் வெற்றிக்காக அது உதைத்த பந்தை எதிரணி வீரர் தடுத்துவிட்டார்.

இதை அதிசயம் என்று எழுதியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அப்பலாச்சியன் ஸ்டேட் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தன் பிரிவின் சாம்பியன். களம் முழுக்க ஆட்களைப் பரப்பி நிறுத்தி வேகத்தால் இடைவெளியைக் கண்டுபிடிக்கும் அதன் ஆட்டம், உடல் பலத்தை நம்பிய மிச்சிகனுக்குத் தோதாக இல்லை. கீழ்ப்பிரிவு என்பதால் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நமக்குப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி, 2018இல்தான் ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டுக்குள் நுழைந்தது. 2024 ஜனவரியில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே, ஏழு முறை சாம்பியனான டெல்லியை டெல்லியிலேயே 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பத்து விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ், முன்பு மத்தியப் பிரதேசத்துக்காக ரஞ்சி ஆடியவர். அணிதான் புதிது, பந்துவீச்சாளர் பழைய கை. தோல்வியைத் தொடர்ந்து டெல்லி தன் கேப்டனையே மாற்றியது.

டெல்டா மண் யாருக்குச் சாதகம்?

நம் காவிரி டெல்டாவில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மைதானத்தை நம்ப முடியாது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் களிமண், தண்ணீரைச் சீக்கிரம் விடாது. நெல்லுக்கு அது வரம், பந்துக்கு அல்ல. தரையோடு கொடுக்கும் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும், விங்கில் ஓடுகிறவரின் கால் புதையும். நுணுக்கமாக ஆடும் அணியின் பலம் பாதி அங்கேயே கரைந்துவிடும். தூக்கி அடிப்பது, கார்னர், ஃப்ரீ கிக், கோல்கீப்பர் கைநழுவவிடும் பந்து ஆகியவைதான் முடிவைத் தீர்மானிக்கும். அப்படிப்பட்ட நாளில் எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு ஒரு கார்னருக்காகக் காத்திருக்கும் சின்ன அணிக்கு நல்ல வாய்ப்பு. கோலே விழாமல் டைபிரேக்கருக்குப் போய்விட்டால், பழைய கல்லூரி என்ற பெயர் உதவிக்கு வராது.

களத்தில் எதைக் கவனிப்பது?

முதலாவது, ஆரம்ப இருபது நிமிடம். அதற்குள் பெரிய அணி கோல் போட்டுவிட்டால் எதிரணி முன்னேறி வந்தாக வேண்டும், பின்னால் இடம் திறக்கும். போடவில்லை என்றால் பதற்றம் பெரிய அணிக்குத்தான்.

இரண்டாவது, மூன்று கோல் முன்னிலைக்குப் பிறகு தடுப்பாட்டம் எப்படி இருக்கிறது என்பது. 6-2 என்ற வெற்றியைவிட 3-0 என்ற வெற்றியில் பயிற்சியாளர் நிம்மதியாகத் தூங்குவார். அந்த இரண்டு கோல் எப்படி விழுந்தது என்பதை அடுத்த சுற்று எதிரணி குறித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, மாற்று ஆட்டக்காரர்கள். முன்னிலை கிடைத்ததும் முதலாமாண்டுப் பையன்களை இறக்கிப் பார்க்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. காயமும் மஞ்சள் அட்டையும் வரிசை கட்டும் பிந்தைய சுற்றுகளில் அவர்கள்தான் தேவைப்படுவார்கள்.

எதிரணியைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பணம் கொட்ட வேண்டியதில்லை. அவர்கள் பயிற்சி செய்யும் மைதானத்துக்கு ஒரு மாலை பஸ் ஏறிப் போய்விட்டு வந்தால் போதும். யார் இடது காலில் அடிக்கிறான், கார்னருக்கு யார் தலை கொடுக்கிறான், கோல்கீப்பர் உயரமா குட்டையா என்ற மூன்று விவரம் கையில் இருந்தால், டிராவில் இருக்கும் அந்தப் பெயர் 'கேள்விப்படாத அணி'யாக இருக்காது.